சென்னை–நாகர்கோவில்: மாதந்தோறும் ஊருக்குப் போய்வரும் செலவின் கணக்கு

சென்னை எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் பாதை 700 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தத் தொலைவுக்கு விரைவு ரயிலின் ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ 450 ரூபாய் ஆகிறது. அதே வெள்ளிக்கிழமை இரவு, அதே ஊருக்குப் புறப்படும் தனியார் ஆம்னி பஸ்ஸில் 1,200 ரூபாய்க்கு இடம் கிடைத்தால் மலிவு என்றுதான் சொல்ல வேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முந்தைய இரவென்றால் அது இரண்டு மூன்று மடங்காகவும் ஏறும். குளிர்சாதனம், படுக்கை, வீட்டுக்குப் பக்கத்தில் ஏறும் வசதி ஆகியவற்றுக்கான விலைதான் இந்த வித்தியாசம் என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். ஊருக்குப் போகும் தேதியை இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்ல முடிந்தவர் ஒரு விலையும், வியாழக்கிழமை மாலைதான் சொல்ல முடிகிறவர் வேறொரு விலையும் கொடுக்கிறார்கள் என்பதே மீதிப் பாதி. எப்போதாவது போகிறவருக்கு இது பெரிய விஷயமன்று. மாதம் இரண்டு முறை போய்வருகிறவருக்கோ வீட்டு வாடகைக்கு அடுத்த செலவாகவே இது வந்து நிற்கும்.

இந்தத் தடத்தில் அப்படிப் போய்வருகிறவர்கள் மிகப் பலர். ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள், சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் கணினி வேலையில் இருப்பவர்கள், தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடையில் நிற்கும் பையன்கள், தாம்பரத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் மாணவர்கள் என்று திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களின் ஒரு பகுதி நிரந்தரமாகவே சென்னையில் இருக்கிறது. குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே பிந்தித்தான். திருவனந்தபுரம்–கன்னியாகுமரி பாதை 1979இலும், திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை 1981இலும் திறக்கப்பட்டன. அதுவரை இரவு முழுவதும் பஸ்ஸில் உட்கார்ந்து போவதே வழக்கமாக இருந்தது. இந்தத் தடத்தில் தொலைதூரப் பஸ்கள் இன்றும் இவ்வளவு வலுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் ரயில் கட்டணத்தின் அமைப்பைப் பார்க்கலாம். தொலைவு கூடக் கூடக் கிலோமீட்டருக்கான வீதம் குறைந்துகொண்டே வருமாறு இந்திய ரயில்வேயின் கட்டண அட்டவணை வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு டிக்கெட்டும் மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு இன்னொரு டிக்கெட்டும் எடுப்பது, நேராக ஒரே டிக்கெட் எடுப்பதைவிடக் கூடுதலாகவே முடியும். இரண்டாவது டிக்கெட் மறுபடியும் அதிக வீதத்திலிருந்து தொடங்குவதோடு, முன்பதிவுக் கட்டணம், அதிவேக ரயிலுக்கான கூடுதல் கட்டணம் ஆகிய சில்லறைகளும் இரண்டு முறை சேர்ந்துவிடும். 2025இல் ஜூலை 1 அன்றும் டிசம்பர் 26 அன்றுமாக இருமுறை கட்டணம் உயர்ந்தது. ஆனால் இரண்டும் கிலோமீட்டருக்கு ஓரிரண்டு பைசா என்ற அளவிலேயே இருந்ததால், இந்தத் தொலைவுக்கு ஸ்லீப்பரில் கூடியது இருபது ரூபாயைச் சுற்றித்தான். கட்டணம் என்று பார்த்தால் ஸ்லீப்பரோடு போட்டியிட இந்தத் தடத்தில் வேறொன்றும் இல்லை. மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகூட 1,150 ரூபாயை ஒட்டி வந்துவிடுகிறது.

ஆனால் அடிக்கடி போகிறவர் என்பதற்காக இவ்வளவு தொலைவுக்கு ரயில்வே தரும் சலுகை எதுவும் இல்லை. சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த தள்ளுபடி 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்துபோகும் பெற்றோரின் செலவை அது நேரடியாகக் கூட்டியிருக்கிறது.

அந்த மலிவுப் படுக்கை கிடைப்பதுதான் பிரச்சினை. நாள்தோறும் இரவில் முன்பதிவுப் படுக்கைகளோடு நாகர்கோவில் வரை செல்லும் ரயில்களில் முதன்மையானவை கன்னியாகுமரி விரைவு ரயிலும் அனந்தபுரியும். திருநெல்வேலியோடு நிற்பது நெல்லை விரைவு ரயில். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை இரட்டைப் பாதைப் பணி 2024இல் முடிந்தபோது இரவு ரயில்கள் பெருகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. இந்த ஆண்டுகளின் பெரும் புதுவரவுகளாக அமைந்தவையோ பகலில் ஓடும் வந்தே பாரத் ரயில்கள்: திருநெல்வேலிக்கு 2023 செப்டம்பரிலும், நாகர்கோவிலுக்கு 2024 ஆகஸ்ட் இறுதியிலும் தொடங்கின. ஏழெட்டு ஒன்பது மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நல்ல வண்டிகள்தாம். உட்காரும் இருக்கைக்கு 1,600 ரூபாய்க்கு மேல் என்பதை ஒதுக்கிவைத்தாலும், பகல் வண்டி என்பதாலேயே மாதச் சம்பளக்காரரின் கணக்கில் அது இன்னொரு செலவைச் சேர்த்துவிடுகிறது. திருநெல்வேலி வண்டிக்காக வெள்ளிக்கிழமை பிற்பகலில் எழும்பூரில் நிற்க வேண்டுமானால்கூட அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டும். இரவு வண்டி அந்த அரை நாளை மிச்சப்படுத்துகிறது. உறங்கும் நேரத்திலேயே பயணம் முடிந்துவிடுவதுதான் அதன் உண்மையான சிக்கனம்.

தவறாமல் போகிறவருக்கு எப்போதாவது போகிறவரிடம் இல்லாத வசதி ஒன்று உண்டு. தான் போகப்போகிறோம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அறுபது நாள் என்பது எட்டு வாரமும் நான்கு நாளும். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமைக்கான முன்பதிவு எப்போதுமே ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்குத் திறக்கும். திரும்பிவரும் ஞாயிற்றுக்கிழமைக்கானது புதன்கிழமை காலை 8 மணிக்கு. வாரத்தில் இந்த இரண்டு காலைகளைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போட்டுவைத்து, டீக்கடையில் நின்றபடியே வேலையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. திறந்த முதல் 15 நிமிடங்கள் ஆதாரை இணைத்துச் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்ற விதி 2025 அக்டோபரில் வந்தது. பிறகு அந்த நேரம் மேலும் நீட்டிக்கப்பட்டது. கணக்கில் ஆதாரைச் சேர்க்காமல் விட்டவருக்குச் சாதாரண வெள்ளிக்கிழமைகளில் அதனால் பெரிய பாதிப்பு இருக்காது, ஆனால் தொடர் விடுமுறை வரும் வாரங்களில் அவர் உள்ளே நுழைவதற்குள் காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிட்டிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து வேலை எப்படியிருக்குமோ, விடுப்புக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற தயக்கத்தால்தான் பெரும்பாலோர் இந்த மலிவைத் தவறவிடுகிறார்கள். இதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட்டைப் பயணத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் பிடித்தம் 120 ரூபாய். அதற்குப் பிறகு தாமதிக்கத் தாமதிக்கக் கட்டணத்தில் கால் பங்கு, பாதி என்று பிடித்தம் ஏறும். இணையவழிச் சேவைக் கட்டணமான பதினைந்து ரூபாய்ச் சில்லறையும் திரும்பாது. அந்தச் சில்லறையை ஒதுக்கிவைத்து, எடுத்த டிக்கெட்டுகளில் சரிபாதியை ரத்து செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உண்மையில் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் 450 ரூபாயோடு, வீணாய்ப்போன ஒரு டிக்கெட்டின் 120 ரூபாயும் சேர்ந்து 570 ரூபாய் ஆகும். மூன்றில் இரண்டை ரத்து செய்கிறவருக்குக்கூட ஒரு பயணம் 700 ரூபாயை எட்டாது. அரசு விரைவுப் பேருந்தின் சாதாரண இருக்கைக் கட்டணமே அவ்வளவுதான். ஆக, ‘நிச்சயமில்லை, அதனால் பதிவு செய்யவில்லை’ என்பதைவிட ‘நிச்சயமில்லை, அதனால்தான் பதிவு செய்துவைத்திருக்கிறேன்’ என்பதே இந்தத் தடத்தில் சிக்கனமான வழி. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் முடிவெடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

எல்லோரும் இப்படியே செய்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. அறுபது நாளாகக் குறைத்தபோது ரயில்வே சொன்ன காரணமே இதுதான்: 61 முதல் 120 நாள் வரை முன்னதாக எடுக்கப்பட்ட டிக்கெட்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு ரத்தாயின, இன்னும் சிலர் ரத்தும் செய்யாமல் வரவும் இல்லை. வேண்டாத படுக்கையைக் கடைசி நாள் வரை பிடித்துவைத்திருப்பவர், வரிசையில் பின்னால் நிற்பவரை ஆம்னி பஸ்ஸுக்குத் தள்ளுகிறார். முன்கூட்டி ரத்து செய்வது பணத்துக்கும் நல்லது, அடுத்தவருக்கும் உதவி என்பதால் இதில் சொந்த லாபமும் பொது நியாயமும் ஒரே பக்கம் நிற்கின்றன. எந்தச் சூழலிலும் செய்யக் கூடாதது, ஒரே இரவுக்கு இரண்டு ரயில்களில் பதிவு செய்துவைப்பது.

காத்திருப்போர் பட்டியலில் விழுந்தால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதும் இழப்பதும் சரியல்ல, பட்டியலின் வகையைப் பார்க்க வேண்டும். ரயில் புறப்படும் நிலையத்திலிருந்து கடைசி நிலையத்துக்கோ அதற்குச் சற்று முன்னால் உள்ள நிலையத்துக்கோ எடுத்த டிக்கெட் பொதுப் பட்டியலில் சேரும். அதில்தான் ரத்துகள் அதிகம், ஆகவே நகர்வும் அதிகம். இடைப்பட்ட நிலையங்களுக்கான சிறு ஒதுக்கீடுகளில் விழும் டிக்கெட்டுகள் அவ்வளவு எளிதில் உறுதியாவதில்லை. ஊர் வள்ளியூராக இருந்தாலும் டிக்கெட்டைக் கன்னியாகுமரி வரை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இதனால் வந்ததுதான். மேலே சொன்ன கட்டண அமைப்பினால் அதற்கு ஆகும் கூடுதல் தொகை மிகச் சொற்பம். அதுபோலவே எழும்பூரிலிருந்து எடுத்துவிட்டு, ஏறும் நிலையத்தைத் தாம்பரம் என்றோ செங்கல்பட்டு என்றோ மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பு தயாரிக்கப்பட்டு வந்த பயணிகள் பட்டியல் 2025 ஜூலைக்குப் பிறகு எட்டு மணி நேரம் முன்பாகவே தயாராகத் தொடங்கியது ஒரு நல்ல மாற்றம். படுக்கை இல்லை என்பது மாலை ஐந்து மணிக்குத் தெரிவதற்கும் காலையிலேயே தெரிந்துவிடுவதற்கும் இடையே, அரசுப் பஸ்ஸில் இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இருக்கிறது.

தட்கல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லீப்பருக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். கூடுதல் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தில் 30 விழுக்காடு, உச்ச வரம்பு 200 ரூபாய். கிடைத்தால் ஆம்னி பஸ்ஸின் பாதி விலைகூட ஆகாது. 2025 ஜூலை முதல் ஆதார் கட்டாயமாகி, முதல் அரைமணி நேரம் முகவர்களுக்குத் தடையும் வந்த பிறகு சாமானியருக்கு வாய்ப்பு சற்றுக் கூடியிருக்கிறது. ஆனால் உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாயும் திரும்பாது. வெள்ளிக்கிழமை இரவுக்குத் தட்கலை மட்டுமே நம்பியிருப்பதும் விவேகமன்று.

முன்பதிவே செய்யாமல் போகிறவர்களின் உலகம் வேறு. தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் ஓடும் அந்த்யோதயா ரயில் முழுக்க முழுக்க முன்பதிவற்ற பெட்டிகளால் ஆனது. கட்டணம் 250 ரூபாயைச் சுற்றி. இரவு வெகுநேரம் கழித்துப் புறப்படும் அந்த வண்டிக்கு வெள்ளிக்கிழமைகளில் மாலையிலேயே நடைமேடையில் ஆள் சேரத் தொடங்கிவிடும். பெட்டி எங்கே நிற்கும் என்று அனுபவத்தில் கணித்து, அந்த இடத்தில் பையை வைத்துவிட்டு ஒருவரைக் காவலுக்கு நிறுத்தி மற்றவர்கள் சாப்பிடப் போவார்கள். வண்டி நடைமேடைக்குள் நுழைந்து முழுதாக நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும். பெட்டி வைக்கும் மேல்தட்டில் முதலில் ஏறிப் படுத்தவர் அன்றைய அதிர்ஷ்டசாலி. கழிவறை ஓரத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தவருக்கு விழுப்புரம் தாண்டும்போதே கால் மரத்துவிடும். ஒரு மாதத்தில் நான்கு பயணங்களை 1,000 ரூபாயில் முடிப்பது இதில் மட்டுமே முடியும். இளைஞர்கள் சமாளிக்கிறார்கள், திங்கட்கிழமை காலையில் இறங்கியவுடனே இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்க வேண்டியவர் திரும்பிவரும்போது இதைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. போகும்போது அந்த்யோதயா, வரும்போது ஸ்லீப்பர் என்று பிரித்துக்கொள்கிறவர்களின் கணக்கு இதை உணர்ந்ததுதான்.

பஸ்ஸுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசுப் பஸ் கட்டணம் 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அதே மாத இறுதியில் சற்றுக் குறைக்கப்பட்டது. அப்போது அல்ட்ரா டீலக்ஸ் வண்டிக்கு நிர்ணயிக்கப்பட்டது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். நாகர்கோவிலுக்கு 700 ரூபாயை ஒட்டி வருவது அந்தக் கணக்கில்தான். குளிர்சாதனப் படுக்கை வண்டிக்கு அது இரு மடங்கை நெருங்கும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணப் பஸ்களுக்கென்று வந்தது, இந்தத் தொலைதூர வண்டிகளுக்கென்று அல்ல. அடிக்கடி போகிறவரைப் பொறுத்தவரை அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ரயில்வே செய்யாத ஒன்றைச் செய்திருக்கிறது. மாதத்தில் ஐந்து முறைக்கு மேல் முன்பதிவு செய்து பயணிப்பவருக்கு ஆறாவது பயணத்திலிருந்து கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று 2023இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது. விழாக்கால நாட்களுக்குப் பொருந்தாது. வாராவாரம் போய்வருகிறவருக்கு மாதம் எட்டுப் பயணம். அதில் மூன்று பாதி விலைக்கு வரும். எட்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் சராசரி ஒரு பயணத்துக்கு 570 ரூபாய்க்கு இறங்குகிறது. மாதம் இருமுறை மட்டும் போய்வருகிறவருக்கு நான்கு பயணங்களோடு முடிந்துவிடுவதால் இந்தச் சலுகையால் பயனில்லை. பெரும்பான்மையோர் அந்த இரண்டாவது வகையினர்தாம் என்பதால், ஒரு மாதம் என்பதை மூன்று மாதம் என்று விரித்து எண்ணியிருந்தால் திட்டம் இன்னும் பலரை எட்டியிருக்கும் என்று தோன்றுகிறது.

ஆம்னி பஸ்களின் கட்டணம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. அவை நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆளேற்றும் பஸ்ஸுக்கான உரிமத்தில் ஓடவில்லை, ஒப்பந்த வாகன உரிமத்தில் ஓடுகின்றன. அரசுப் பஸ்ஸுக்கு அரசு கட்டணம் நிர்ணயிப்பதுபோல அவற்றுக்கு நிர்ணயிப்பதில்லை. உரிமையாளர் சங்கங்கள் தாமே ஒரு பட்டியலை வெளியிடுகின்றன, விழாக்காலங்களில் போக்குவரத்துத் துறை சோதனை நடத்துகிறது, அபராதம் விதிக்கிறது. முதலாளிகளின் பக்கமும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: வெள்ளிக்கிழமை இரவு நிரம்பித் தெற்கே போன வண்டி சனிக்கிழமை இரவு பாதி காலியாகத் திரும்ப வேண்டும், அந்த நட்டத்தையும் வெள்ளிக்கிழமைப் பயணியே சுமக்கிறார் என்பது அது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று மடங்குக்கு அது விளக்கமாகாது.

இந்தக் கணக்குகளில் பலரும் சேர்க்க மறப்பது நகரத்துக்குள் ஆகும் செலவு. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் தென் மாவட்டப் பஸ்களைக் கோயம்பேட்டிலிருந்து நகரின் தெற்கு எல்லைக்குக் கொண்டுபோனது. சிறுசேரியில் இருப்பவருக்கு வண்டலூர்ச் சாலை வழியாக அது கோயம்பேட்டைவிடப் பக்கம்தான். அம்பத்தூர்க்காரருக்கோ மாதவரத்துக்காரருக்கோ ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணம் கூடுதலாயிற்று. விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே இறங்கியதும் மாநகரப் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்தால், மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். ரயில் இந்த விஷயத்தில் முந்திக்கொள்கிறது. தாம்பரத்திலோ எழும்பூரிலோ இறங்கினால் புறநகர் ரயில் அதே நிலையத்தில் நிற்கிறது, பத்து இருபது ரூபாயில் நகரின் எந்த மூலைக்கும் பக்கத்தில் போய்விடலாம். ஓரகடத்துக்காரர் செங்கல்பட்டில் இறங்குவாரா தாம்பரத்தில் இறங்குவாரா என்பதுகூட மாதக் கடைசியில் கணக்கில் தெரியும்.

நேரடி வண்டிகள் நிரம்பிவிட்ட நாட்களில் மதுரையை நடுவில் வைத்துத் திட்டமிடுவது பழைய உபாயம், இன்றும் பலிக்கிறது. தெற்கே போகும் பெரும்பாலான ரயில்கள் மதுரை வழியாகவே போகின்றன. அவற்றோடு மதுரைக்கென்றே பாண்டியனும் வைகையும் இருக்கின்றன. கன்னியாகுமரி விரைவு ரயிலில் இடமில்லாத இரவில் பாண்டியனில் படுக்கை கிடைப்பதுண்டு. விடிந்ததும் மதுரையில் இறங்கி மாட்டுத்தாவணி போனால் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் அரசுப் பஸ்கள் அடுத்தடுத்துக் கிளம்பிக்கொண்டிருக்கும். முன்பதிவு, காத்திருப்போர் பட்டியல் என்ற பேச்சே அங்கில்லை. இரண்டு டிக்கெட் எடுப்பதால் செலவு கூடும் என்று முன்னே சொன்னது இங்கும் பொருந்துகிறது. ஆனாலும் இந்த வழியின் மொத்தச் செலவு அன்றைய ஆம்னி கட்டணத்தில் பாதிக்கும் கீழேதான் நிற்கும். விலையாகக் கொடுப்பது சனிக்கிழமை காலையின் நான்கைந்து மணி நேரத்தை. கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துக்காரருக்கு அந்த இழப்பும் இல்லை.

நண்பர்கள் சேர்ந்து காரில் போகலாமே என்பார்கள். லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடும் காருக்கு 700 கிலோமீட்டருக்கு நாற்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 4,000 ரூபாயைத் தாண்டும். நால்வர் பங்கிட்டாலும் ஆளுக்கு ஆயிரம். பரனூரில் தொடங்கி நாங்குநேரி வரை பத்துக்கும் மேற்பட்ட சுங்கச்சாவடிகள். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு, தொடக்கத்தில் 3,000 ரூபாய் விலையில், ஓராண்டுக்கு அல்லது 200 முறை கடப்பதற்கான பாஸ்டேக் ஆண்டு அட்டை வந்திருப்பதால், ஒரு முறை போய்வருவதற்கான சுங்கச் செலவு 400 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சாவடியையும் கடப்பது ஒரு முறையாக எண்ணப்படும் என்பதால் எட்டு முறை போய்வந்தாலே அட்டை தீர்ந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஸ்லீப்பர் கட்டணத்துக்கு இரு மடங்குக்கு மேல் ஆகிறது. இரவெல்லாம் ஒருவர் விழித்து ஓட்டவும் வேண்டும். குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு போகும் நாளுக்கு இது ஏற்றது, மாதாந்திரப் பழக்கத்துக்கு அல்ல. விமானத்தை இந்தப் பேச்சில் சேர்க்கத் தேவையே இல்லை. நாகர்கோவில்காரர் தூத்துக்குடியிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கி மறுபடியும் தரைவழியாகத்தான் வர வேண்டும். அவசரத்துக்கு உதவும், அவ்வளவே.

இதுவரை சொன்ன உபாயங்களெல்லாம் சனி, ஞாயிறு விடுமுறை உள்ளவருக்குப் பொருந்துபவை. ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளிக்கு வார விடுப்பு எந்தக் கிழமை என்பதே முந்தைய வாரம்தான் தெரியும். இரண்டு மாதம் முன்பு பதிவு செய்து ரத்து செய்யும் கணக்கு அவருக்கு எட்டாது. ஆனால் செவ்வாய், புதன் இரவுகளில் நிலைமை தலைகீழ். ஸ்லீப்பரில் ஓரிரு நாள் முன்புகூட இடமோ, உறுதியாகிவிடக்கூடிய காத்திருப்பு எண்ணோ கிடைக்க வாய்ப்பிருக்கிறது. வெள்ளிக்கிழமை 1,500 கேட்ட அதே ஆம்னி பஸ் ஆளில்லாத இரவில் அதன் பாதிக்குக் கீழே இறங்கி அரசுப் பஸ்ஸோடு போட்டி போடுகிறது. அந்த்யோதயாவிலும் உட்கார இடம் கிடைக்கும், சில நாள் படுக்கவும் கிடைக்கும். ஓரகடத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை விடுப்பைத் திருமணமானவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வார நடுவில் இரண்டு நாளைச் சேர்த்து வாங்கிக்கொள்வது பெருந்தன்மை மட்டுமன்று. போகவர ஆளுக்கு 1,000 ரூபாயாவது அதில் மிஞ்சுகிறது.